பியானோ, அலமாரி

தார்த்துவில் பிப்ரவரி.
ஆற்றின் மேல் பனிக்கட்டி. அதன் மேல்
யாருடைய நாயோ தயங்காமல் நடக்கிறது.
மூன்றாம் மாடியில், மைனஸ் எண்பதில்,
உறைபெட்டி முனகிக்கொண்டிருக்கிறது.

காலையில் நுரையீரல் திசுவை அறுத்துப் பார்ப்பவள்.
வியாழன் மதியம் அறநெறிக் குழுவில்
பிறர் ஆய்வுகளில் சிவப்பு மையால் கோடிடுபவள்.
இரவில், மகன் உறங்கிய பின், கதை எழுதுபவள்.
மூன்று பேருக்கும் ஒரே மூக்குக்கண்ணாடி.
அதில்தான் கோளாறு என்று
ரொம்ப நாள் தெரியவில்லை.

எண்டெல் கோய்வ் பியானோ தூக்கியவர்.
முப்பத்தோரு வருடம், லிஃப்ட் இல்லாத வீடுகளுக்கு,
தோளில் வார் மாட்டி.
ஒரு கட்டையைக்கூட வாசிக்கத் தெரியாது.
"கனம் தெரியும், டாக்டர். எந்தக் கம்பெனி என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்."
எங்களிடம் வந்தபோது
தேநீர்க் கோப்பையே அவருக்கு இரண்டு கை வேலை.

திசு எடுக்கச் சம்மதித்தார்.
பதினொரு பக்கப் படிவம். பதினொன்றையும் படித்தார்,
விரல் வைத்து, உதடு அசைத்து.
ஆறாம் பிரிவில் ஓர் எழுத்துப்பிழையைக் காட்டினார்.
அந்தப் படிவத்தை எழுதியவள் நான்.

பின்பு ஓர் இரவு மூன்று மணிக்கு,
படிவங்கள் எல்லாம் தூங்கும் நேரத்தில், சொன்னார்:
"என் மூச்சு எனக்கு முன்னாலேயே
படியேறிப் போய்விட்டது.
மேலே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுகிறது."

நாடி பிடித்துக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை விட்டுப்போனது.
வாக்கியம் விடவில்லை.

ஏப்ரலில் அவர் போனார்.
அக்டோபரில் கதை வந்தது.
ஒளித்துத்தான் எழுதினேன்.
எங்கள் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்,
பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடும்.
எண்டெலைச் சால்மே ஆக்கினேன்.
பியானோவை அலமாரி ஆக்கினேன்.
ஊரைக் கடலோரம் தள்ளிவைத்தேன்.
முழுப் பியானோவைச் சோற்றில் மறைத்தாயிற்று.
வாக்கியத்தை மட்டும் தொடவில்லை.
தொட்டால் கதை செத்துவிடும்.

மகள் கைடியின் கடிதம் வந்தது.
அப்பாவின் திசுவை அழித்துவிடுங்கள்.
வாரிசு கேட்டால் காரணம் கேட்கக் கூடாது,
அதுவும் ஆறாம் பிரிவு.
அன்றே அழித்தோம். இருபது நிமிடம், நீராவியில்.
ஆய்வில் ஓர் எண் குறைந்தது,
வரைபடம் கொஞ்சம் இளைத்தது, அவ்வளவுதான்.
கடிதத்தின் அடியில், அவசரக் கையெழுத்தில்:
"அந்த வாக்கியத்தை அழிக்க
எந்தப் படிவம்?"

அடுத்த வியாழன் குழுவில்
ஓர் இளைஞன், நோயாளிகளின் பேச்சைப்
பதிவு செய்ய அனுமதி கேட்டான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
எப்போதும் முதல் கேள்வி என்னுடையது.
தண்ணீர் குடித்தேன்.

ஞாயிறு, அன்னெலின் குடியிருப்பு. ஐந்தாம் மாடி.
கையில் நானே தட்டச்சிட்ட ஒரு பக்கம்:
இந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்.
மறுக்கலாம். மறுப்பதால் உங்களுக்கு எந்த இழப்பும் வராது.
தந்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும்
திரும்பப் பெறலாம்.
மூன்றாம் மாடியில் நின்றேன்.
மூச்சு வாங்கியது.

கைடி தேநீர் தரவில்லை. உட்காரச் சொன்னாள்.
படித்தாள்,
விரல் வைத்து, உதடு அசைத்து.
பேனா கேட்டாள்.
என் பையில் இருந்தது சிவப்பு மைப் பேனா மட்டும்.
ஒரு சொல்லை அடித்து
மேலே சின்னதாக வேறொன்று எழுதினாள்.

"அப்பா 'கூப்பிடுகிறது' என்று சொல்லியிருக்க மாட்டார்.
'திட்டுகிறது.' வீட்டில் தினமும் அப்படித்தான் சொன்னார்."

கையெழுத்துப் போடவில்லை.
தாளைத் திருப்பித் தந்தாள்.

திட்டுகிறது.
சரிதான். பியானோ தூக்கியவரின் மூச்சு
வேறென்ன செய்யும்?
அப்படியானால் அன்று மூன்று மணிக்கு
நான் கேட்டேனா,
அப்போதே எழுதத் தொடங்கிவிட்டேனா?

கீழே வரும்வரை தாளை மடிக்கவில்லை.
மை ஈரமாக இருந்தது.